பூப்பாத்திக்கு மூன்று நிறம் போதும்

  பதிவு கொஞ்சம் நீளம். மாரி தொடங்க முன்னர் சொல்லிவிட வேண்டும் என்பதால் எழுதுகிறேன். பெற்றோர், ஆசிரியர்கள், பள்ளிவாசல் நிர்வாகத்தினர் பொறுமையாக வாசியுங்கள்.

முதல் மழை விழுந்ததும் பாடசாலைகளில் "சூழலை அழகுபடுத்தல்" தொடங்கிவிடும். ஆளுக்கு ஒரு பூச்சாடி கொண்டு வரச் சொல்லிப் பிள்ளையின் கொப்பியில் எழுதி அனுப்புவார்கள். பிள்ளை வீட்டில் அழும். உம்மா கடனோ உடனோ பட்டு நேர்சரியில் ஒரு றோசாவோ டேலியாவோ வாங்கிக் கொடுப்பார். அந்தக் காசுக்கு அதே பிள்ளைக்கு சீ.ஆர். கொப்பிகள் வாங்கலாம். வாசலில் சிவப்பு, மஞ்சள், ஊதா, செம்மஞ்சள், றோஸ் என்று சாடிகள் வரிசையாக நிற்கும். படம் எடுப்போம், புள்ளி போடுவார்கள். சித்திரை வெயிலுக்குப் பிறகு போய்ப் பாருங்கள். சாடி இருக்கும், கன்று இருக்காது.

இப்படி நடப்பது ஒரு பாடசாலையில் மட்டுமல்ல. அதனால் எந்தப் பாடசாலையையும் பெயர் சொல்லிக் குறை கூற வரவில்லை. என் கருத்து இதுதான்: நிறத்தை நேர்சரியில் தேடக் கூடாது. எங்கள் மண்ணும் தண்ணீரும் வெயிலும் எந்தக் கன்றைத் தாங்கும் என்று முதலில் பார்க்க வேண்டும். அந்தக் கன்றுகளுக்குள் மூன்று நிறத்தைத் தெரிந்து, கூட்டம் கூட்டமாக நட்டால் போதும். பெற்றோரின் காசு மிச்சமாகும், கன்று சாகாது, பார்வைக்கும் அதுதான் அழகு.

எல்லா நிறமும் இருந்தால்தானே அழகு என்று கேட்பீர்கள். இல்ல விளையாட்டுப் போட்டியை நினைத்துப் பாருங்கள். ஒரு இல்லம் தன் ஒரே நிறத்தில் பந்தல் போட்டால் தூரத்திலேயே கண்ணில் படும். நான்கு இல்லத்து நிறத்தையும் ஒரே பந்தலில் கட்டினால் அது எந்த இல்லம் என்றே தெரியாது. பூப்பாத்தியும் அப்படித்தான். ஒவ்வொன்றில் ஒவ்வொரு கன்று என்று பத்து நிறம் வைத்தால், பத்தடி தள்ளி நின்று பார்க்கும்போது ஒன்றும் தெரியாது. ஒரே நிறத்தில் ஐந்தோ ஏழோ கன்றுகள் சேர்ந்து நின்றால் றோட்டில் சைக்கிளில் போகிறவருக்கும் தெரியும். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று எங்கள் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

நிறத்துக்கு நிறம் அருகில் வரும்போது என்ன நடக்கிறது என்பதை ஒழுங்காக ஆராய்ந்தவர் செவ்ரல் என்ற பிரெஞ்சு இரசாயனவியலாளர். பாரிஸில் கோபலின் என்ற பெயர்பெற்ற நெசவுசாலையின் சாயப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தார். கறுப்பு நூல் எடுபடவில்லை என்று முறைப்பாடு வந்தது. பார்த்தால் சாயத்தில் பிழை இல்லை. பக்கத்தில் நெய்த நிறங்கள்தான் அந்தக் கறுப்பை மங்கலாகக் காட்டின. 1839 இல் இதைப் பெரிய நூலாக வெளியிட்டார், அதில் பூந்தோட்டத்தில் நிறங்களை எப்படி வைப்பது என்றும் எழுதினார். நாம் சித்திர பாடத்தில் படிப்பிக்கும் நிறச்சக்கரத்தில் எதிரெதிராக இருக்கும் நிறங்கள் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். மஞ்சளுக்கு எதிர் ஊதா, செம்மஞ்சளுக்கு எதிர் நீலம், சிவப்புக்கு எதிர் பச்சை. இலையின் பச்சை எப்போதும் இருப்பதால்தான் ஒரே ஒரு செவ்வரத்தைப் பூகூட அவ்வளவு எடுப்பாகத் தெரிகிறது.

இங்கிலாந்தில் கெர்ட்ரூட் ஜீகில் (1843–1932) என்ற பெண்மணி இதைத் தோட்டத்தில் செய்து காட்டினார். ஓவியம் படித்தவர், ஆனால் கண்பார்வை குறைந்துகொண்டு வந்தது. தன் வீட்டில் ஏறக்குறைய 200 அடி நீளமான பூப்பாத்தி வைத்திருந்தார். இரண்டு அந்தத்திலும் நீலம், சாம்பல், வெள்ளை போன்ற குளிர்ந்த நிறங்கள். நடுவை நோக்கி வர வர மஞ்சள், செம்மஞ்சள், நட்ட நடுவில் சிவப்பு. நிறங்களைக் கலந்து கொட்டாமல் படிப்படியாக ஏற்றி இறக்கினார். இந்த முறையை நாம் எடுத்துக்கொள்ளலாம், அவருடைய கன்றுகளை எடுக்க முடியாது. அங்கே வெயில் மெலிது, மழை ஆண்டு முழுக்க வரும். மன்னாரில் ஆண்டு மழை சராசரியாக 1000 மில்லிமீற்றருக்கும் குறைவு, அதில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரைக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு வெயில். மே மாதத்திலிருந்து சோளகக் காற்று. கடற்கரை ஓரமென்றால் காற்றில் உப்பும் கிணற்றில் உவரும்.

அதனால் எங்கள் ஊரில் பாத்தி போட முன் நான்கு விடயம் பார்க்க வேண்டும்.

முதலாவது, மண்ணின் நிறம். எங்கள் பிரதேசத்தில் ஓரிடம் செம்மண், அடுத்த இடம் வெள்ளை மணல். பூவுக்குப் பின்னால் தெரிகிற நிறம் அதுதான். செம்மண்ணில் செம்மஞ்சள் பூ வைத்தால் மண்ணோடு மண்ணாக மறைந்துவிடும். அங்கே வெள்ளை, றோஸ், ஊதா எடுபடும். வெள்ளை மணலில் வெள்ளைப் பூ தெரியாது. அங்கே சிவப்பு, கடும் றோஸ், நீலம் நல்லது. மதில் இருந்தால் மதிலின் நிறத்தையும் கணக்கில் எடுங்கள். மஞ்சள் மதிலுக்கு முன் மஞ்சள் பூ வைப்பது வீண்வேலை.

இரண்டாவது, வெளிச்சம். நடுப்பகல் வெயிலில் மெல்லிய நிறங்கள் வெளுத்துப் போன மாதிரித் தெரியும், கடும் நிறங்கள் நிற்கும். பாடசாலைப் பாத்திக்கு ஆழமான நிறங்களை எடுங்கள். வீட்டு முற்றம் வேறு. அங்கே குடும்பம் கூடி உட்காருவது அஸருக்குப் பிறகு, மஃரிப் நேரத்தில்தான். 19ஆம் நூற்றாண்டில் பூர்க்கினியே என்ற செக் அறிஞர் கவனித்த ஒன்று உண்டு. பொழுது சாயும்போது நம் கண்ணுக்குச் சிவப்புத்தான் முதலில் கறுத்துப் போகும். பகலில் தீ மாதிரி இருந்த செவ்வரத்தை இருட்டத் தொடங்கியதும் காணாமல் போவது இதனால்தான். வெள்ளை கடைசிவரை தெரியும். எனவே வீட்டு முற்றத்துக்கு வெள்ளை நித்தியகல்யாணி, மல்லிகை, நந்தியாவட்டை. அந்திமந்தாரை பின்னேரத்தில்தான் விரியும் என்பதால் அதுவும் முற்றத்துக்கு உகந்தது. பத்துமணிப்பூ வெயில் ஏற விரிந்து பின்னேரம் சுருங்கிவிடும். பாடசாலைக்கு அதைவிடப் பொருத்தமான பூ இல்லை. மாலையில் வீடு திரும்புகிறவருக்கு அதில் பார்க்க ஒன்றும் இருக்காது.

மூன்றாவது, மாதம். நிறத் திட்டம் போடுகிறவர்கள் பூ எப்போது பூக்கும் என்று பார்ப்பதில்லை. மஞ்சள் ஜனவரியில் பூத்து ஊதா ஜூனில் பூத்தால் இரண்டும் சந்திக்கப் போவதில்லை. சீனியா, கோழிக்கொண்டை, வாடாமல்லி, செவ்வந்தி எல்லாம் மாரிக்கு விதைத்தால் முதலாம் தவணையில் நிறம் கொட்டி, பிறகு முடிந்துவிடும். கோடையைச் சுமக்க வேறு ஆள் வேண்டும். நித்தியகல்யாணி, ஆவாரை, போகன்விலா, இவை மூன்றும்தான் எங்கள் கோடைக்கு நிற்கிறவை. போகன்விலாவில் நாம் பூ என்று சொல்வது உண்மையில் நிறம் மாறிய இலை. நடுவில் இருக்கும் சின்ன வெள்ளைக் குழல்தான் பூ. இலையாக இருப்பதால்தான் அந்த நிறம் கிழமைக்கணக்கில் நிற்கிறது. இன்னொன்று, அதற்குத் தண்ணீர் அதிகம் ஊற்றினால் இலைதான் வளரும். தண்ணீரைக் குறைத்தால் நன்றாகப் பூக்கும். எங்கள் ஊருக்கென்றே அல்லாஹ் படைத்த மாதிரி.

நான்காவது, ஆடும் மாடும். படலை பூட்டாத வளவில் செவ்வரத்தை நட்டால் அது ஆட்டுக்கு நட்டதுதான். நித்தியகல்யாணியை ஆடு மாடு தொடாது, அதன் கசப்பு அப்படி. அந்தக் கசப்பிலிருந்துதான் சிறுபிள்ளைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறார்கள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

இனி ஒரு மாதிரித் திட்டம். செம்மண் வளவு, 30 அடி நீளம், 3 அடி அகலம் என்று வைப்போம். நிறங்கள் மஞ்சள், ஊதா, வெள்ளை.

பின்வரிசையில் ஆவாரை, 3 அடிக்கு ஒன்றாகப் பத்துக் கன்று. கடையில் ரணவரா என்று பூவைக் காயவைத்து விற்கிறார்களே, அதே செடிதான். நடுவரிசையில் அடிக்கு ஒன்றாக 30 கன்று. அதை மாறி மாறி நடாமல், ஐந்து வாடாமல்லி, பிறகு ஐந்து வெள்ளை நித்தியகல்யாணி, மறுபடி ஐந்து வாடாமல்லி என்று கூட்டமாக நடுங்கள். முன்வரிசையில் பத்துமணிப்பூ, அரை அடிக்கு ஒரு துண்டு, மொத்தம் 60. அதிலும் ஒரே நிறம், மஞ்சளோ வெள்ளையோ. மொத்தம் 100 கன்று. ஆவாரையும் வாடாமல்லியும் விதையில் வரும். நித்தியகல்யாணி விதை விழுந்து தானாக முளைக்கும், பிடுங்கி நடலாம். பத்துமணிப்பூவைக் கிள்ளிச் செருகினால் போதும். நேர்சரிக்கு ஒரு சதமும் கொடுக்கத் தேவையில்லை. ஆட்டெருவும் ஒரு நாள் சிரமதானமும்தான் செலவு. வாடாமல்லி முடிந்ததும் அந்த இடத்துக்கு ஊதா போகன்விலாவின் தடிகளை வேர் பிடிக்கவைத்து நட்டு, கத்தரித்துத் தாழ்வாக வையுங்கள். நிறம் மாறாது.

வெள்ளை மணல் வளவு என்றால் வேலியில் நீலக் காக்கணங்கொடி, அதன் முன் கடும் றோஸ் நித்தியகல்யாணி, ஓரத்தில் சிவப்புப் பத்துமணிப்பூ. இதிலும் மூன்றே நிறம்தான்.

பாடசாலையில் மரக்கறித் தோட்டமும் இருந்தால் மஞ்சள், நீலம், ஊதா பக்கம் சாயுங்கள். தேனீக்குச் சிவப்பு ஒரு நிறமாகத் தெரியாது. மற்ற நிறங்களைத் தேனீ பிரித்தறியும் என்பதை கார்ல் வொன் ஃப்ரிஷ் என்ற ஒஸ்ரிய விஞ்ஞானி நிற அட்டையும் சீனித் தண்ணீரும் வைத்தே நிரூபித்தார். பூசணியும் வெள்ளரியும் பாகலும் காய்க்கத் தேனீ வர வேண்டும். சிவப்பு தேன்சிட்டை அழைக்கும், அது வேறு சந்தோசம்.

இரண்டு எச்சரிக்கை. அலரியும் மஞ்சள் அலரியும் தண்ணீர் கேட்காது, மாடு தின்னாது, நிறமும் அழகு. ஆனால் இரண்டும் கடும் நஞ்சு. சின்னப் பிள்ளைகள் ஓடித் திரிகிற இடத்தில் வேண்டவே வேண்டாம். மற்றது நாயுண்ணி. ஒரே கொத்தில் மஞ்சளும் றோசும் வரும் என்பதற்காகக் கொண்டு வந்து வைக்காதீர்கள். உலகமெங்கும் அழகுச் செடியாகப் போன இடத்திலெல்லாம் காட்டுக்குள் பரவி மற்றச் செடிகளை அமுக்கிவிட்டது. வில்பத்துக் காடு எங்கள் பக்கத்தில் இருக்கிறது.

இனி வழக்கமாக வரும் கேள்வி: "ஸேர், குடிக்கத் தண்ணீருக்கே பவுசரைப் பார்த்துக்கொண்டு இருக்கிற சனத்துக்குப் பூ ஒரு கேடா?"

நியாயமான கேள்வி. குடிதண்ணீரில் ஒரு கோப்பைகூடப் பூவுக்கு ஊற்றக் கூடாது என்பதுதான் என் நிலைப்பாடும். ஆனால் ஒருமுறை பயன்படுத்திய தண்ணீர் என்னவாகிறது? பள்ளிவாசலில் ஒரு நேரத் தொழுகைக்கு 50 பேர் வுழூச் செய்து, ஆளுக்கு 2 லீற்றர் என்று வைத்தாலும் 100 லீற்றர். சவர்க்காரம் இல்லாத சுத்தமான தண்ணீர். அது கானுக்குள் போகிறது. மேலே சொன்ன 100 கன்றுக்கும் கன்றுக்கு அரை லீற்றர் என்றால் 50 லீற்றர்தான் வேண்டும். ஒரு குழாயும் ஒரு சின்னத் தொட்டியும் வைத்தால் வேலை முடிந்தது. ஆற்றங்கரையில் வுழூச் செய்தாலும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று படிப்பினை பெற்ற சமூகம் நாம். பாடசாலையில் பிள்ளைகள் கை கழுவும் இடத்துத் தண்ணீரையும் பாத்திக்குத் திருப்பலாம், சவர்க்காரம் அதிகம் கலந்ததை மட்டும் விடுங்கள். கன்றடியில் பனையோலைத் துண்டோ தென்னந்தும்போ மூடிவைத்தால் ஈரம் நிற்கும்.

"வெளியூர்ச் செடி வேண்டாம் என்கிறீர்களா?" என்றும் கேட்கலாம். அப்படி இல்லை. நித்தியகல்யாணி மடகஸ்காரிலிருந்து வந்தது, போகன்விலா தென் அமெரிக்காவிலிருந்து. மாலை கட்டுகிற மஞ்சள் செவ்வந்தியின் சொந்த ஊர் மெக்சிகோ. பழைய தமிழ் அகராதியில் அதற்குத் துலுக்கச் செவ்வந்தி என்று பெயர். மெக்சிகோக்காரனுக்கு நம் ஆள் பெயர்! எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் பிரச்சினையே இல்லை. வந்த இடத்தில் வேர் பிடித்து நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எங்கள் சனம் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் ஓலைக் குடிசைகளில் எத்தனை வருடம் இருந்தது. அங்கே பூக்கன்று வைக்க யாருக்கு மனம் வந்தது, யாருக்குச் சொந்த நிலம் இருந்தது? முள்ளிக்குளம் கத்தோலிக்க உறவுகளும் 2007 இல் இடம்பெயர்ந்து, 2017 இல் ஊரின் ஒரு பகுதிக்குத்தான் திரும்ப முடிந்தது. திரும்பி வந்தவர்கள் வீடு கட்டினார்கள், கிணறு கட்டினார்கள், வேலி அடைத்தார்கள். முற்றம் மட்டும் பல இடங்களில் இன்னும் வெறுமையாகத்தான் கிடக்கிறது. ஆறு மாதத்தில் எழும்பிப் போக நினைக்கிறவன் விதை போட மாட்டான். இனி இங்கேதான் என்று மனம் ஒப்பினால்தான் வாசலில் பூ வைப்பான். அதனால் ஒரு நாள் படத்துக்காக வந்து சாகும் சாடியை அழகு என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. பிள்ளைகள் அதைப் பார்த்து, எங்கள் மண்ணில் எதுவும் நிலைக்காது என்றுதான் படிக்கிறார்கள். அது பொய்ப் பாடம். இந்த மண்ணில் எவ்வளவோ நிலைக்கும், எதை நட வேண்டும் என்று தெரிந்தால்.

குர்ஆனில் சூரா ஃபாதிரின் 27ஆம் 28ஆம் வசனங்கள் கனிகளின் நிறம், மலைகளின் நிறம், மனிதரின், விலங்குகளின் நிறம் என்று வரிசையாகச் சொல்லிச் சிந்திக்கச் சொல்கின்றன. நிறத்தைப் பார்ப்பதும் படிப்புத்தான். அதைப் பிள்ளை தன் கையால் விதைத்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே என் வேண்டுகோள் மூன்று.

அதிபர், ஆசிரியர்களுக்கு: இம்முறை கொப்பியில் "பூச்சாடி" என்று எழுதாதீர்கள். "வீட்டில் இருக்கும் பூவில் ஒரு தடி அல்லது ஒரு பிடி விதை" என்று எழுதுங்கள். இல்லாத பிள்ளை பக்கத்து வீட்டில் கேட்டு வரட்டும். முஸ்லிம் வீட்டுப் பிள்ளை கத்தோலிக்க வீட்டிலும், கத்தோலிக்கப் பிள்ளை எங்கள் வீட்டிலும் கேட்கட்டும். கோயில் திருநாளுக்கும் பெருநாளுக்கும் பலகாரம் மாற்றுகிற எங்களுக்கு விதை மாற்றுவது பெரிய காரியமா?

போட்டி நடத்துகிறவர்களுக்கு: புள்ளி போட ஜனவரியில் வராதீர்கள். மழைக்குப் பிறகு எருக்கலையும் அழகாகத்தான் இருக்கும். ஓகஸ்டில் வாருங்கள், சோளகம் அடிக்கும்போது. அன்றைக்கு எந்தப் பாடசாலையில் நிறம் நிற்கிறதோ அதற்கு முதலிடம் கொடுங்கள். வாங்கி வைத்த பாடசாலையா, வளர்த்த பாடசாலையா என்று அப்போது தெரியும்.

பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கு: வுழூத் தண்ணீருக்கு ஒரு வழி செய்யுங்கள். பள்ளிவாசல் மதிலோரம் வெள்ளையும் பச்சையுமாக ஒரு பாத்தி போட்டால் மஃரிபுக்கு வருகிறவர் கண்ணுக்கும் குளிர்ச்சி.

கடைசியாக உங்கள் எல்லோருக்கும் ஒரு வேலை. போன ஓகஸ்டில் உங்கள் வளவில் பூத்து நின்ற செடி எது, என்ன நிறம், செம்மண்ணா மணலா, கிணறு நன்னீரா உவரா என்று கீழே எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் படம் போடுங்கள். எல்லாவற்றையும் தொகுத்து எங்கள் பிரதேசத்துக்கு ஒரு பூப்பட்டியல் செய்து, மழைக்கு முன் பாடசாலைகளுக்குக் கொடுப்போம், இன்ஷா அல்லாஹ். என்னிடம் வெள்ளை நித்தியகல்யாணி விதையும் ஊதா வாடாமல்லி விதையும் நிறைய இருக்கிறது. தேவையானவர்கள் சொல்லுங்கள், பிள்ளைகளிடம் கொடுத்து விடுகிறேன்.